படித்ததைச் சொல்லும்போதுதான் மீதிப் படிப்பு நடக்கிறது

கேள்வி இதுதான்: "எனக்குப் புத்தகம் படிக்கும் பழக்கம் உண்டு. படித்ததை இணையத்தில் சக வாசகர்களோடு பகிர ஆசை. எழுத உட்கார்ந்தால் 'அருமையான நாவல், கட்டாயம் படியுங்கள்' என்பதற்கு மேல் வருவதில்லை. போன மாதம் ஒரு நாவல் என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. அதைப் பற்றிக்கூட மூன்று வரிதான் எழுத முடிந்தது. மற்றவர்கள் ஆண்டுக்கு நூறு புத்தகம் என்று பட்டியல் போடுகிறார்கள். நான் பத்து, பன்னிரண்டைத் தாண்டுவதில்லை. நான் எதைப் பகிர்வது, எப்படிப் பகிர்வது?"

எண்ணிக்கைக் கவலைக்குப் பிறகு வருகிறேன். அந்த மூன்று வரியோடு நின்றுபோவதைத்தான் முதலில் பேச வேண்டும்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகப் படித்ததைப் பற்றி எழுதியும், மற்றவர்கள் எழுதியதைப் படித்தும் வருகிறேன். முதல் ஏழெட்டு ஆண்டுகள் நானும் உங்களைப் போலத்தான் எழுதினேன். நாவலை முடித்ததும் ஐந்து நட்சத்திரம், கீழே நான்கு வரிப் பாராட்டு. அப்படி நான் பாராட்டிய ஒரு நாவலை, முன்பின் தெரியாத ஒரு வாசகர் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அப்பா இறந்தபோது இளைய மகள் ஏன் வரவில்லை என்று நினைக்கிறீர்கள்?" நான் அதைப் படித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் குடும்பத்தில் ஓர் இளைய மகள் இருந்ததே எனக்கு நினைவில்லை. மறுபடி எடுத்துப் பார்த்தேன். நாவலின் நடுப்பகுதி முழுக்க அவள் இருந்தாள். அந்த வாசகருக்குப் பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று. அந்த நாவலை நான் உண்மையில் படித்தது அந்த இரண்டு நாளில்தான்.

இதைத் தமிழில் எப்போதோ கணக்குப் போட்டே சொல்லிவிட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இலக்கண நூல் என்றுதான் நமக்குத் தெரியும். அதன் பாயிரத்தில், ஒருவர் எப்படிக் கற்க வேண்டும் என்றும் சில சூத்திரங்கள் வருகின்றன. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்குக்கு மேல் கைவராது. உடன் பயில்பவரோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால் பங்கு வரும். மீதி அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போது வருகிறது. ஆசிரியர் இருக்கும் இடத்தில் புத்தகத்தை வைத்துப் பாருங்கள். தனியாகப் படித்து மூடி வைத்தால் கால் பங்கு. சக வாசகரோடு பேசினால் அரை. நீங்களே உட்கார்ந்து இன்னொருவருக்குப் புரியும்படி எழுதினால் முழுசு. உங்கள் ஆசை பொழுதுபோக்கு ஆசை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

உளவியல் ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி மறதியை அளந்து, முடிவுகளை 1885இல் நூலாக வெளியிட்டார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்துவிட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போகிறது என்று பார்த்தார். ஒரு நாளைக்குள் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. கதைகள் அவ்வளவு வேகமாக மறப்பதில்லை, ஆனாலும் மறதி முதல் சில நாட்களில்தான் பெரிய அளவில் நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் அனுபவம். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களிடம் செய்த சோதனை எனக்கு இன்னும் பிடித்தது. ஒரு பகுதியை ஒரு சாரார் இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு சாரார் ஒருமுறை படித்துவிட்டு, தாளை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, மூடிவைத்து எழுதியவர்களுக்கு 56 சதவீதம்.

ஆகவே என் முதல் யோசனை: எழுதும்போது புத்தகத்தை மூடிவிடுங்கள். முடித்த அன்றைக்கே எழுத வேண்டாம். இரண்டு மூன்று நாள் போகட்டும். பிறகு வெள்ளைத்தாளை எடுத்து, உங்களுக்குள் இன்னும் மிச்சமிருப்பது எது என்று எழுதுங்கள். ஒரு முகம், ஒரு அறை, யாரோ சொன்ன ஒரு பதில், எதுவானாலும் சரி. எழுதியபின் புத்தகத்தைத் திறந்து சரிபாருங்கள். பல முறை உங்கள் நினைவு தவறாக இருக்கும். மழையில் நடந்ததாக நினைத்த காட்சி நல்ல வெயிலில் நடந்திருக்கும். அந்தத் தவறையும் எழுதுங்கள். ஏன் மழையாக நினைத்தீர்கள் என்று யோசித்தால் அந்தக் காட்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது பிடிபடும். என் நல்ல குறிப்புகளில் பாதி இப்படிப்பட்ட தவறுகளில் தொடங்கியவை.

இரண்டாவது, தீர்ப்பு சொல்லாதீர்கள், ஓர் இடத்தைச் சொல்லுங்கள். ஒரு நாவலைக் கற்பனை செய்துகொள்வோம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், முப்பது ஆண்டுக்கு முன் தான் கொண்டுபோய்ச் சேர்க்காத ஒரு கடிதத்தை இன்னும் வீட்டில் வைத்திருக்கிறார். இதைப் பற்றி ஒருவர், "மனித உணர்வுகளின் ஆழத்தைத் தொடும் அற்புதமான படைப்பு" என்று எழுதுகிறார். இன்னொருவர் இப்படி எழுதுகிறார்: "அந்தக் கடிதம் வீட்டில் எங்கே இருக்கிறது என்பது ஐந்து இடங்களில் வருகிறது. முதலில் பரண், அப்புறம் அரிசி டின், பிறகு பழைய சட்டைப் பை. அவர் அதை இடம் மாற்றுவதை ஆசிரியர் ஒருமுறைகூடக் காட்டவில்லை. மூன்றாவது முறை இதைக் கவனித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த மனிதர் தூங்குவதே இல்லை என்று தோன்றியது." முதல் குறிப்பை எந்த நாவலின் கீழும் ஒட்டலாம். இரண்டாவதை இந்த ஒன்றின் கீழ் மட்டும்தான் ஒட்ட முடியும். எழுதி முடித்ததும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: தலைப்பை எடுத்துவிட்டால் இது வேறு புத்தகத்துக்கும் பொருந்துமா? பொருந்தினால் இன்னும் எழுதத் தொடங்கவில்லை என்று பொருள்.

உங்களைத் தூங்கவிடாத நாவலுக்கு மூன்று வரி வந்தது உங்களிடம் சொல்ல ஒன்றும் இல்லாததால் வந்த நிலை கிடையாது. முழுப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் சொல்லப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்தை மட்டும் சொல்லுங்கள். இருநூறு சொல் தானாக வரும்.

அந்தப் பக்கத்தைப் பிறகு கண்டுபிடிக்க வேண்டுமே, அதற்குப் படிக்கும்போதே ஒரு வழி வேண்டும். நான் அடிக்கோடு போடுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. கோடு போடத் தொடங்கினால் கை நிற்பதில்லை, பக்கம் முழுக்கக் கோடாகிவிடும். மின்னூல் கருவியில் விரலால் தடவினால் நிறம் ஏறிவிடுவதால் இன்னும் மோசம். ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, கடைசித் தாளில் அந்தப் பக்க எண், பக்கத்தில் இரண்டு சொல். அவ்வளவுதான். ஒரு புத்தகத்துக்குப் பத்து புள்ளிக்கு மேல் கிடையாது என்று வைத்துக்கொண்டால், பதினொன்றாவதை வைக்கும்போது எதை அழிப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனை குறிப்பெழுதப் பெரிதும் உதவுகிறது.

இப்படிச் சேர்த்த குறிப்புகளை ஒரு நோட்டில் பொருள்வாரியாக அடுக்கும் பழக்கம் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக இருந்தது. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் அதற்கென்றே ஓர் அட்டவணை முறையை வகுத்து 1686இல் ஒரு பிரெஞ்சு இதழில் வெளியிட்டார். குறிப்பின் தலைச்சொல்லில் முதல் எழுத்தையும், அதற்கு அடுத்து வரும் முதல் உயிரெழுத்தையும் சேர்த்து, அந்த இணைக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது அவர் முறை. அதைப் படித்தபோது எனக்கு வேடிக்கையான ஒரு மகிழ்ச்சி. நம் உயிர்மெய் எழுத்து இதையேதான் செய்கிறது. 'மறதி' ம-வில், 'மாலை' மா-வில், 'முதுமை' மு-வில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நோட்டின் கடைசி நான்கு பக்கத்தில் இந்த எழுத்துகளை வரிசையாக எழுதி, எதிரே பக்க எண்களைப் போட்டுவந்தால் போதும். ஐந்து ஆண்டு கழித்து யாரோ "முதுமையைப் பற்றிய நல்ல கதை ஏதாவது சொல்லுங்களேன்" என்று கேட்கும்போது அந்த நோட்டு பேசும்.

அடுத்தது, பரிந்துரை. "கட்டாயம் படியுங்கள்" என்பதில் யார் படிக்க வேண்டும் என்பதே இல்லை. நூலகவியலின் ஐந்து விதிகளை எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்டார். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது. இந்த மூன்றாவது விதியை நான் பரிந்துரை எழுதும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். ஒரு நூல் எல்லோருக்குமானதாக இருக்க வேண்டியதில்லை. அதற்கு உரிய வாசகர் எங்கோ இருக்கிறார், அவர் கண்ணில் படும்படி எழுதுவது நம் வேலை.

அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் இதற்கு நல்ல ஒரு கருவி கொடுத்திருக்கிறார். ஒரு புத்தகத்துக்குள் வாசகர்கள் நான்கு வாசல் வழியாக நுழைகிறார்கள் என்பது அவர் கருத்து: கதை, பாத்திரம், களம், மொழி. எல்லாப் புத்தகத்திலும் நான்கும் உண்டு, ஆனால் ஒன்றிரண்டுதான் அகலத் திறந்திருக்கும். அடுத்து என்ன நடக்கும் என்று பக்கம் புரட்டும் வாசகரிடம், மொழி வாசல் மட்டும் திறந்திருக்கும் நாவலைக் கொடுத்தால் இருபது பக்கத்தில் மூடிவிடுவார். குற்றம் அவர் மேலும் இல்லை, நாவல் மேலும் இல்லை. ஆகவே பரிந்துரைக்கும்போது, நீங்கள் எந்த வாசல் வழியாக நுழைந்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். "இதில் கதை என்று பெரிதாக ஒன்றும் நகராது. ஆனால் அந்தப் பாட்டியை விட்டு என்னால் வர முடியவில்லை." இந்த இரண்டு வரியில் வேண்டியவர் வருவார், வேண்டாதவர் தப்பித்துக்கொள்வார். இருவருக்கும் நல்லது செய்திருப்பீர்கள்.

நட்சத்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாசகர்கள் புத்தகங்களுக்கு மதிப்பீடு போடும் தளங்களில், 2007இல் தொடங்கிய குட்ரீட்ஸில் ஒன்று முதல் ஐந்து வரை, முழு நட்சத்திரம் மட்டும்தான். அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் உண்டு. மூன்று என்றால் 'பிடித்திருந்தது', இரண்டு என்றால் 'பரவாயில்லை'. பெரும்பாலானவர்கள் அந்த விளக்கத்தைப் பார்ப்பதே இல்லை. பிடித்த புத்தகத்துக்கு மூன்று போட்டால் அதை எழுதியவரே வருத்தப்படும் நிலைதான் இருக்கிறது. 2005இல் வந்த லைப்ரரிதிங் தளத்தில் அரை நட்சத்திரம் உண்டு. அண்மைக்காலத்து ஸ்டோரிகிராஃபில் கால் நட்சத்திரமும் உண்டு, கூடவே புத்தகத்தின் மனநிலை, வேகம் இவற்றையும் குறிக்கலாம். ஆனால் எத்தனை துண்டாக நறுக்கினாலும் அதிலிருந்து ஒரு கவிதைத் தொகுப்புக்கும் ஒரு துப்பறியும் நாவலுக்கும் பொது அளவு கிடைக்காது. என் பழக்கம், பக்கத்தில் நான்கு வாக்கியம் இல்லாமல் நட்சத்திரம் போடுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யலாம், அல்லது நட்சத்திரமே போடாமல் விடலாம்.

சரி, இப்போது எண்ணிக்கை. ஆங்கிலத்தில் மௌனமாகப் படிக்கும் வேகத்தைப் பற்றிய 190 ஆய்வுகளை மார்க் பிரிஸ்பார்ட் என்ற ஆய்வாளர் 2019இல் தொகுத்துப் பார்த்தார். கட்டுரை நூல்களில் சராசரி நிமிடத்துக்கு 238 சொல், புனைகதையில் 260. நிமிடத்துக்கு ஆயிரம் சொல் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பிய பலருக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கும். தமிழுக்கு இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல். ஆகவே சொல் கணக்கை விடுங்கள். பத்து நிமிடத்தில் எத்தனை பக்கம் போகிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். பத்து நிமிடத்தில் ஆறு பக்கம் என்றால், நாளொன்றுக்கு அரை மணி நேரத்தில் பதினெட்டு பக்கம். 250 பக்க நாவல் இரண்டு வாரத்தில் முடியும். ஆண்டுக்கு இருபத்தைந்து புத்தகம் ஆகிவிட்டது. நூறு வேண்டுமென்றால் நாளுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும், அல்லது மெலிந்த புத்தகங்கள் வேண்டும். பட்டியல் போடுபவர்களில் இரண்டு வகையினரும் இருக்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் நேரம் வேறு, உங்கள் நேரம் வேறு.

ஆண்டு இலக்கு வைப்பதில் எனக்குப் பகை இல்லை. விட்டுப்போன பழக்கத்தைத் திரும்பப் பிடிக்க நினைப்பவருக்கு அது நல்ல பிடிமானம். ஆனால் நவம்பர் மாதம் வந்ததும் கணக்கைச் சரிசெய்ய, கையிலிருக்கும் 900 பக்க நாவலை ஒதுக்கிவிட்டு 80 பக்கப் புத்தகமாகத் தேடும் நாள் வரும். எனக்கு வந்தது. அந்த ஆண்டு 62 புத்தகம் முடித்தேன். அந்த இளைய மகளை மறந்ததும் அதே ஆண்டில்தான். அதற்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். இப்போது எத்தனை புத்தகத்தைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன் என்று மட்டும் பார்க்கிறேன். அது ஆண்டுக்குப் பன்னிரண்டைத் தாண்டுவதில்லை, உங்கள் எண்ணிக்கைதான்.

பழக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதில் எல்லோருக்கும் பொதுவான விதி குறைவு. நாளில் ஒரே நேரம் இருந்தால் நல்லது. கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்தாமல் நடுவில் நிறுத்துங்கள், மறுநாள் எடுக்கச் சோம்பல் வராது. தாளா திரையா என்று ஒரு விவாதம் ஓயாமல் நடக்கும். 54 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்த 2018ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றில், தகவல் சார்ந்த நூல்களைத் தாளில் படித்தவர்கள் சற்று நன்றாகப் புரிந்துகொண்டதாகவும், நேர நெருக்கடியில் அந்த வித்தியாசம் கூடியதாகவும் தெரிந்தது. கதைகளில் அந்த வித்தியாசம் இல்லை. ஆகவே நாவலைத் திரையில் படிப்பவர் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. பிடிக்காத புத்தகத்தை எப்போது விடுவது என்பதற்கும் நான்சி பேர்ல் ஒரு விதி வைத்திருக்கிறார்: ஐம்பது பக்கம் வரை பாருங்கள், உங்களுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தால் நூறிலிருந்து வயதைக் கழித்து வரும் பக்கம் வரை பார்த்தால் போதும். வயது ஏற ஏறச் சலுகை கூடுகிறது. நான் இதைக் கடைப்பிடிக்கிறேன். ஒன்றே ஒன்று, பாதியில் விட்ட புத்தகத்தைப் பற்றி எழுதினால் எந்தப் பக்கத்தில் விட்டீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

கதையின் முடிவைச் சொல்லிவிடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எழுதத் தொடங்கினால் முதல் வாரத்திலேயே இந்தச் சண்டை வரும். 2011இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 12 சிறுகதைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவு முன்பே தெரிந்து படித்தவர்கள் கதையைக் கூடுதலாக ரசித்தார்கள் என்று வந்தது. உலகமே அதைப் பேசியது. 2015இல் வேறு ஆய்வாளர்கள் செய்த சோதனையில் நேர்மாறாக வந்தது. முடிவு தெரியாமல் படித்தவர்களுக்கே கதை விறுவிறுப்பாக இருந்தது. ஆய்வுகள் ஒத்துப்போகாதபோது மரியாதைதான் வழிகாட்ட வேண்டும். முடிவைத் தெரிந்துகொள்ளலாமா என்பதை முடிவுசெய்யும் உரிமை அந்த வாசகருடையது, அதை நாம் பறிக்கக் கூடாது. முதல் கால் பகுதிக்குள் நடப்பதைத் தாராளமாகச் சொல்லலாம். அதற்கு மேல் போக வேண்டுமென்றால், "இனி வருவதில் முடிவு பேசப்படுகிறது" என்று தனி வரி போட்டு, சற்று இடம் விட்டுத் தொடருங்கள். 1980களில் யூஸ்நெட் என்ற பழைய கணினிவழி விவாதக் குழுக்களில் இருந்தவர்கள் இதற்காக ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் பதின்மூன்று இடம் தள்ளி எழுதி மறைத்தார்கள். படிக்க விரும்புபவர் திருப்பித் தள்ளிப் படித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு சிரமம் எடுத்துக்கொண்டவர்களை நினைத்தால் எனக்கு அன்பு பெருகுகிறது.

பிடிக்காத புத்தகத்தைப் பற்றி எழுதலாமா? எழுத வேண்டும். எல்லாவற்றையும் பாராட்டுபவரின் பாராட்டுக்கு யாரும் காது கொடுப்பதில்லை. ஆனால் அங்கே இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். எந்தப் பக்கத்தில், எந்த உரையாடலில் உங்களுக்கு நம்பிக்கை போனது என்று காட்டுங்கள். எழுத்தாளரின் நோக்கம், குணம், குடும்பம் எதையும் தொடாதீர்கள். முதல் புத்தகம் எழுதிய ஒருவர் தன் பெயரைத் தேடி இரவு பன்னிரண்டு மணிக்கு உங்கள் குறிப்பைப் படிப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். உண்மையை அப்படியே வையுங்கள், குத்தலை மட்டும் எடுத்துவிடுங்கள். புத்தகம் எழுத்தாளரோ பதிப்பகமோ இலவசமாகக் கொடுத்தது என்றால், அல்லது எழுதியவர் உங்கள் நண்பர் என்றால், அதையும் சொல்லிவிட வேண்டும். மறைத்தது பின்னால் தெரியவந்தால் நீங்கள் அதுவரை எழுதிய அத்தனையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

கருத்து வேறுபாடு வந்தால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பக்கத்தில் அப்படித் தோன்றியது?" பல வாக்குவாதங்கள் இந்தக் கேள்வியில் உரையாடலாக மாறியதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தைத் தேடிப் போகிறவர் மறுபடி படிக்கிறார். சில சமயம் அவர் மனம் மாறுகிறது, சில சமயம் என் மனம்.

தமிழில் எழுதுபவர்களுக்கென்று சில உண்டு. பிடித்த வரியை அழகான படமாக்கிப் போடும் பழக்கத்தைக் குறையுங்கள். எழுத்தாகத் தட்டச்சு செய்த வரிதான் தேடலில் எளிதாகக் கிடைக்கும், பார்வையற்ற வாசகருக்குத் திரைவாசிப்பான் அதைத்தான் வாசித்துக் காட்டும். படம் போட்டே ஆகவேண்டுமென்றால் அதே வரியைக் கீழே எழுத்திலும் கொடுங்கள். மேற்கோளுக்குப் பக்க எண் கொடுங்கள். யாரோ சொன்னதெல்லாம் பெரிய எழுத்தாளர் தலையில் ஏறிக்கொண்டிருப்பதற்குப் பக்க எண் இல்லாமல் பகிர்வது ஒரு முக்கியக் காரணம். மொழிபெயர்ப்பு நூல் என்றால் மொழிபெயர்த்தவர் பெயரை விடாதீர்கள். நீங்கள் ரசித்த ஒவ்வொரு தமிழ் வாக்கியமும் அவர் எழுதியது. பழைய தமிழ் நூல்கள் பலவற்றுக்கு, நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் இருக்காது, அதனால் பதிப்பகமும் பதிப்பு ஆண்டும் சொன்னால்தான் தேடுபவருக்குக் கிடைக்கும்.

அப்புறம், ஒரு நூலைப் புகழ்ந்து எழுதிவிட்டுக் கீழேயே அதன் திருட்டுப் பிடிஎஃப்பைக் கொடுப்பதை அன்புகூர்ந்து செய்யாதீர்கள். கேட்பவர்கள் உரிமையோடு கேட்பார்கள், மறுப்பது கடினம் என்று எனக்குத் தெரியும். பொதுவெளியில் இருக்கும் நூல்கள் வேறு. 1998 முதல் மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் ஏற்றி இலவசமாகக் கொடுத்துவருகிறார்கள். அந்த இணைப்பை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள்.

நன்னூல் சொன்ன அந்தக் கால் பங்கு, உடன் பயில்வது, எனக்கு இன்றும் மிகப் பிடித்தது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் படிப்பது. ஆறு பேருக்கு மேல் போனால் இரண்டு பேர் பேச மற்றவர்கள் கேட்பதாகிவிடும். வாரத்துக்கு அறுபது பக்கம் என்று அத்தியாயம் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். முன்னால் ஓடிவிட்டவர் வாயைத் திறக்கக் கூடாது, இது ஒன்றுதான் கண்டிப்பான விதி. ஒவ்வொரு வாரமும் ஒருவர் ஒரே ஒரு கேள்வி வைக்க வேண்டும், அதற்கான விடை அவருக்கே தெரிந்திருக்கக் கூடாது. விடை தெரிந்து கேட்பது தேர்வு மாதிரி ஆகிவிடுகிறது, பேச்சு செத்துவிடும். எங்கள் குழுவில் ஒரு தடித்த நாவலை ஐந்து மாதம் படித்தோம். தனியாக அதை இரண்டு முறை தொடங்கிப் பாதியில் விட்டவன் நான். மூன்றாவது மாதத்தில் ஒருவர், "இந்த வீட்டில் ஏன் யாருமே கதவைத் தட்டுவதில்லை?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு மீதி நாவலைப் படித்தது வேறு ஒரு நாவலைப் படித்தது போல இருந்தது.

எல்லாவற்றையும் பகிர வேண்டும் என்பதில்லை. ஒருவர் படிக்கும் பட்டியலைப் பார்த்தால் அவர் நோய், துக்கம், சந்தேகம் எல்லாமே தெரிந்துவிடும். தனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டிய புத்தகங்கள் எனக்கும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நோட்டில் எழுதுகிறேன், வெளியே சொல்வதில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று புது நோட்டு வாங்கித் திட்டம் போட வேண்டாம். உங்களைத் தூங்கவிடாத அந்த நாவல் இருக்கிறதே, அதை எடுக்காமல் உட்கார்ந்து, இரண்டாம் இரவு விளக்கை அணைக்க முடியாமல் வைத்திருந்தது எந்தப் பக்கம் என்று நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். எழுதியதை எனக்கும் காட்டுங்கள். அது எந்த நாவல் என்று கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை, படித்ததிலிருந்து எனக்கு அதே யோசனையாக இருக்கிறது.